மடிப்புக் கமராவும் நமது அறிவுச் சோம்பலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகள் சிலவற்றிலே, கண்ணாடி அலுமாரியுள் ஒரு மடிப்புக் கமரா வீற்றிருப்பதைக் காணலாம். மலாயாவிலோ கொழும்பிலோ உத்தியோகம் பார்த்த பாட்டனார் வாங்கிவந்தது. அக்பா, சைஸ் ஐகொன், கொடாக் என்னும் பெயர்களுள் ஒன்றைத் தாங்கியிருப்பது. “பழுதாய்ப் போயிற்று, அழகுக்கு வைத்திருக்கிறோம்” என்பது வீட்டாரின் விளக்கம். இவ்விளக்கம் பெரும்பாலும் பொய்யானது என்பதும், அப்பொய் நிலைபெறுவதற்குக் கற்றோரின் அசட்டையே காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

பழுது என்று சொல்லப்படுவது யாது? முதலாவது, துருத்தி. வில்லைக்கும் பிலிமுக்குமிடையே மடிந்து விரியும் இத்தோற்கூட்டின் மூலைகளிற் காலப்போக்கில் ஊசித்துளைகள் விழும். அவற்றினூடு புகும் ஒளி படத்தைக் கெடுக்கும். உள்ளே பிலிம் இல்லையென உறுதிசெய்தபின், இருட்டறையிலே துருத்தியுள் ரோர்ச் விளக்கைச் செலுத்திப் பார்த்தால் துளைகள் விண்மீன்களாய்த் தெரியும். மடிப்புத் தடியாதவாறு மெல்லிய கருந்துணியோ தோலோ ஒட்டுவது சிறு துளைகளுக்குப் போதிய பரிகாரம்.

இரண்டாவது, ஷட்டர். கொம்பூர், புரொன்ரர் வகைகளிலே மெதுவான வேகங்களை நுண்ணிய பற்சக்கரத் தொடரொன்று கட்டுப்படுத்துகின்றது. பழைய எண்ணெய் பிசினாக இறுகியதும், ஒரு செக்கனிலே மூடவேண்டியது மூன்று செக்கன் எடுக்கும். அல்லது திறந்தபடியே நிற்கும். இது பெரும்பாலும் தேய்வன்று, அழுக்கே. இதனை அறியாதோர் தையல் இயந்திர எண்ணெயைத் துளியிடுகின்றனர். அது தகடுகளிற் பரவி அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றது. வேண்டுவது எண்ணெயன்று, லைற்றருக்கு ஊற்றும் திரவம் போன்று விரைந்து ஆவியாகும் கரைப்பானால், நெருப்புக்கு விலகி, காற்றோட்டமான இடத்தில் கழுவி உலரவிடுதலே. அக்பா கமராக்களின் குவியத் திருகிலே இட்ட கிறீஸ் பச்சை மெழுகாய் இறுகுவதும் உலகறிந்த குறையே. அதனை வலிந்து திருகுவோர் வேறொரு வளையத்தைக் கழற்றிக் குவியத்தையே பிறழச் செய்கின்றனர். மென்சூடும் கரைப்பானும் பொறுமையும் அதற்கு மருந்து.

மூன்றாவது, வில்லை. வடகீழ்ப் பருவக்காற்றின் ஈரம் தேங்கிய இருண்ட அலுமாரியிலே பூஞ்சணம் சிலந்திவலைபோற் படர்கின்றது. தொடக்கத்திலே துடைத்தகற்றலாம்; கண்ணாடியை அரித்தபின் மீட்சியில்லை. ஆகவே, அலுமாரியிற் பூட்டிவைத்துப் “பேணுதல்” என்பது மெல்லக் கொல்லுதலேயன்றி வேறன்று.

“உதிரிப்பாகம் கிடையாதே” என்பர் சிலர். மேற்கூறியவற்றுள் எதற்கு உதிரிப்பாகம் வேண்டும்? 1990களின் பொருளாதாரத் தடையிலே பற்றறி மறுக்கப்பட்டபோது, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது இச்சமூகம். ஜாம் போத்தலைச் சிக்கன விளக்காக்கியதும் இச்சமூகமே. அத்தகையோர் பிள்ளைகள், பற்றறியே வேண்டாது சுருள்வில்லால் இயங்கும் ஒரு கருவியின் முன் கைவிரித்து நிற்பது நகைப்புக்கிடமானது. “பிலிம் கிடையாதே” என்பாரும் உளர். 1901இல் அறிமுகமான 120ஆம் இலக்கப் பிலிம் இன்றும் உற்பத்தியாகின்றது. வழக்கொழிந்தது 1930களின் தொடக்கத்தில் வந்த 620 வகையே. அதன் மெல்லிய உருளையிலும் 120 பிலிமையே இருட்டறையில் மாற்றிச் சுற்றலாம்.

“கைத்தொலைபேசி இருக்க இஃது எதற்கு?” என்னும் வினாவுக்கு விடை இன்னும் பாரதூரமானது. எத்தனையோ கமராக்களுள் படம்பிடித்துக் கழுவப்படாத பிலிம் சுருள்கள் கிடக்கக்கூடும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995இன் இடப்பெயர்விலே குடும்ப அல்பங்கள் அழிந்தன. எஞ்சிய ஒரு சுருள் ஒரு குடும்பத்தின் கடைசி முகமாயிருக்கலாம். பின்புறச் செஞ்சாளரத்தில் இலக்கம் தெரிகின்றதா, சுற்றும் குமிழ் இறுக்கம் காட்டுகின்றதா என்று பாராமலே, ஆவல் மிகுதியாற் பின்மூடியைத் திறப்போர் அம்முகத்தை ஒரு கணத்தில் அழித்துவிடுகின்றனர். சுருளை இறுதிவரை சுற்றி, மங்கிய ஒளியில் எடுத்துக் கழுவக் கொடுத்தல் வேண்டும் என்பதை அவர்களுக்கு எவர் சொன்னார்?

இங்கேதான் பல்கலைக்கழகத்தின்மீது குற்றஞ்சாட்ட வேண்டியுள்ளது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழிலேயே நூல்களும் ஆக்குவித்தார். அம்மரபை மேடையிற் புகழும் நாம், ஒரு ஷட்டரைக் கழுவும் முறையையேனும் தமிழில் எழுதி வைத்தோமா? கலைச்சொல் ஆக்குவோர் கருவியைத் தொட்டதில்லை. கருவியைத் தொடும் கைவினைஞரிடம் எவரும் கேட்டதில்லை. ஸ்ரூடியோக்களிற் பணியாற்றிய முதியோரின் அறிவு அவர்களோடே மறைகின்றது. கைத்தொழிலைக் கல்வியினின்றும் தாழ்ந்ததாய்க் கருதும் மனோபாவமே இதன் வேர்.

மாணவர்கள் செய்யவேண்டியது பெரிதன்று. எஞ்சியுள்ள பழுதுபார்ப்போரைத் தேடிச் செல்லுங்கள். அவர்கள் வழங்கும் சொற்களையே குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் முன்னிலையிலே ஒரு கமராவைக் கழற்றிப் பூட்டுங்கள். கண்டதைத் தமிழில் எழுதுங்கள். அடுத்த மாரிக்கு முன் இதனைத் தொடங்காவிடின், பூஞ்சணம் நமக்காகக் காத்திராது.