யாரைச் சோம்பேறி என்றார்கள்?

தோழர்களே, டிஃபோர்ட் பெய்லியை நாம் கேட்க வேண்டும். அடிமையாக இருந்தவரின் பேரன். மவுத் ஆர்கனிலேயே ரயிலை ஓடவிட்டவர். 1927இல் நாஷ்வில் வானொலியில் அவர் ‘பான் அமெரிக்கன் புளூஸ்’ வாசித்த இரவில்தான் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்ற பெயரே பிறந்தது. 1928இல் விக்டர் கம்பெனி அவர் வாசிப்பை இசைத்தட்டாக்கியது.

வெள்ளையர் நடத்திய அந்த நிகழ்ச்சிக்கு அவர் இசை வேண்டும். ஆனால் கச்சேரிக்குப் போன ஊர்களில் கறுப்பர் என்பதால் தங்க அறை மறுத்தார்கள், சாப்பாடு மறுத்தார்கள்.

1941இல் வேலையை விட்டே நீக்கினார்கள். பாடல் உரிமைத் தகராறில் அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளை வானொலியில் வாசிக்க முடியாமல் போனது. நிகழ்ச்சியை உருவாக்கிய ஜார்ஜ் ஹேயோ, புதுப்பாட்டு கற்காத சோம்பேறி என்று அவரையே குற்றவாளியாக்கி எழுதினார். அந்தச் ‘சோம்பேறி’ பல்லாண்டு ஷூ பாலிஷ் கடை நடத்திக் குடும்பத்தைக் காத்தார்.

1982இல் இறந்தார். 2005இல் கண்ட்ரி இசைப் புகழரங்கில் சேர்த்தார்கள். 2023இல் ஓப்ரி மன்னிப்புக் கேட்டது.

கலையை எடுத்துக்கொண்டு கலைஞரைத் தள்ளிவைப்பது என்னவென்று நமக்குத் தெரியும். உழைப்பைச் சுரண்டியவர்கள் உழைத்தவரைச் சோம்பேறி என்பதும் தெரியும். செத்தபின் வரும் மாலையை நாம் கொண்டாட மாட்டோம். வாழும் கலைஞருக்கு மேடையும் கூலியும் மரியாதையும் இன்றே வேண்டும்.