டொய்லட் தந்தவர்களுக்கு நன்றி. அதைக் காலி செய்வது யார்?



கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும் விடயம்தான். ஆனால் மாரி தொடங்க முன்னம் இதைப் பேசாவிட்டால், முகாமில் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச வேண்டி வரும். பதிவு நீளம். பள்ளிவாசல் நிர்வாகத்தில், நலன்புரிச் சங்கத்தில், விளையாட்டுக் கழகத்தில் இருப்பவர்கள் தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள்.

2024 நவம்பர் வெள்ளத்தில் நம்மட கரையோரம் பட்ட பாடு தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு முழு நாடும் பட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் சனம் ஏறுவது பாடசாலைக் கட்டடத்துக்குத்தான். கதிரை மேசையை ஒதுக்கி, வகுப்பறையில் பாய் விரித்து விடலாம். சோற்றுப் பார்சல் வந்துவிடும், உடுப்பு வந்துவிடும். இந்த விடயத்தில் நம்மட ஊர் ஆக்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மலசலகூடம்?

பாடசாலை மலசலகூடம் பிள்ளைகள் காலையில் வந்து பகலோடு வீட்டுக்குப் போகிற கணக்குக்குக் கட்டியது. இரவும் பகலும் நூற்றுக்கணக்கானோர் பாவிக்கக் கட்டியதல்ல. அதைவிட, நம்மட மண் மணல். சும்மா நாளிலேயே சில அடி தோண்டினால் தண்ணீர். வெள்ளத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி, குழி அடியிலிருந்தே நிரம்பிவிடும். பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் உள்ளே போகாது, திரும்பி மேலே வரும்.

அப்போதுதான் யாராவது லொறியில் பெட்டி டொய்லட் கொண்டு வந்து இறக்குவார்கள். மொபைல் டொய்லட், நடமாடும் மலசலகூடம் என்று பல பெயர். நல்ல மனதோடுதான் தருகிறார்கள், அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். பெனர் கட்டி போட்டோவும் எடுப்பார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தப் பெட்டியின் கதவைத் திறக்க யாருக்கும் துணிவு வராது. காரணம் சனத்தின் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் எளிய கணக்கு.

இந்தப் பெட்டிகள் வெளிநாட்டில் கட்டட வேலைத்தளங்களுக்கும், கரவன் வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் செய்தவை. அந்த மக்கள் கடதாசி பாவிப்பவர்கள். மேற்கு நாடுகளில் வேலைத்தளத்துக்கு வைத்திருக்கும் பொது அளவு 10 பேருக்கு ஒரு பெட்டி, அதுவும் வாரத்துக்கு ஒரு தடவையாவது காலி செய்ய வேண்டும். பெரிய பெட்டியின் தொட்டியே ஏறத்தாழ 200 லீற்றர்தான். கரவனுக்குள் இருப்பது இன்னும் சின்னது, கிட்டத்தட்ட 20 லீற்றர்.

நமக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. சுத்தம் இல்லாமல் தொழுகை இல்லை. ஒருவர் ஒரு தடவை போய்க் கழுவி வந்தால் எல்லாமாகக் குறைந்தது 2 லீற்றர் என்று வையுங்கள். 20 பேர், நாளுக்கு 4 தடவை: 160 லீற்றர். அதாவது 200 லீற்றர் தொட்டி மறுநாள் காலையில் நிரம்பும். அதே பெட்டியை 50 பேர் பாவித்தால் ஒரு நாளுக்கு 400 லீற்றர். ளுஹர் பாங்கு சொல்லும்போது தொட்டி விளிம்பில் நிற்கும். உள்ளே ஊற்றிய நீல மருந்தும் அவ்வளவு தண்ணீரில் கரைந்து பயனில்லாமல் போகும்.

முகாம்களுக்கென்று ஸ்பியர் என்ற சர்வதேச அளவுகோல் இருக்கிறது. அவசர நிலையின் முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம், பிறகு முடிந்தளவு சீக்கிரம் 20 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்கிறது. நாம் இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து, "பத்துப் பெட்டி வந்தாச்சு, போதும்" என்கிறோம். காலி செய்யாத பத்துப் பெட்டி, பத்துப் பூட்டிய கதவு. அவ்வளவுதான்.

"ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். இல்லை. நிரம்பி வழிகிற தொட்டி, சுற்றி நிற்கும் வெள்ளத்தோடு கலக்கும். அந்த வெள்ளம் கிணற்றுக்குள் போகும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் அந்த வழியால் வருபவைதான். பாதையிலும் நிழலிலும் நீர்நிலையிலும் மலசலம் கழிப்பதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. தொட்டியை இரவோடு இரவாக வாய்க்காலில் கவிழ்ப்பதும் அதே விடயம்தானே?

இதில் அதிகம் கஷ்டப்படுவது பெண்கள். டொய்லட் போக முடியாது என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் உம்மாமார், இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் குமர்ப் பிள்ளைகள், கர்ப்பிணிகள். இதை அவர்கள் மைக்கில் சொல்ல மாட்டார்கள். சிறுநீர்த் தொற்று வந்த பிறகு ஆஸ்பத்திரியில்தான் தெரியவரும். மாதவிடாய்த் துணியைப் போட ஒரு மூடி வாளி இல்லாததால் அதுவும் தொட்டிக்குள் போகும். பிறகு பவுசரின் குழாய் அடைத்துக்கொள்ளும்.

"பிரதேச சபை பார்க்க வேண்டியது தானே?" கட்டாயம் பார்க்க வேண்டும், கேட்கவும் வேண்டும். ஆனால் வெள்ள நாளில் ஒரே பவுசரை எல்லா முகாமும் கூப்பிடும். பாதை தண்ணீருக்குள். மைதானம் சேறு. வந்த பவுசரும் கேற்றடியில் நின்று திரும்பும். ஆகவே ஏற்பாடு மழைக்கு முன்னம் நடக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: டொய்லட் தருபவர் அதைக் காலி செய்யும் செலவையும் சேர்த்துத் தரட்டும். பத்துப் பெட்டிக்குக் காசு இருந்தால் ஐந்து பெட்டி எடுத்து, மிச்சக் காசைப் பவுசருக்கும் துப்புரவு செய்பவர்களின் கூலிக்கும் ஒதுக்குங்கள். போட்டோவில் ஐந்துதான் தெரியும். ஆனால் ஐந்தும் வேலை செய்யும்.

இப்போதே செய்யக்கூடியவை:

1. அதிபர், கிராம சேவகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு தடவை கூடி உட்காருங்கள். பவுசர் யாருடையது, எத்தனை மணிக்கு வரும், அள்ளியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று எழுதி வையுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்.

2. பெட்டியைப் பவுசர் குழாய் எட்டும் இடத்தில், மேடான தரையில், கிணற்றுக்குத் தூரமாக வையுங்கள். அதற்காகப் பெண்கள் இருட்டில் மைதானம் முழுக்க நடக்கும்படி வைக்க வேண்டாம். உள்தாழ்ப்பாள், வெளிச்சம், மூடி வாளி மூன்றும் கட்டாயம்.

3. வுழூச் செய்யவும் குளிக்கவும் வேறு இடம், ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்க வேறு இடம். தொட்டி நிரம்பும் வேகம் குறையும்.

4. முடிந்தால் நிலத்துக்கு மேல் 1000 லீற்றர் தாங்கி வைத்து, அதன் மேல் மேடை கட்டி மலசலகூடம் அமையுங்கள். மேலே சொன்ன கணக்கில் 20 பேருக்கு ஆறு நாள் தாங்கும். பலமான மேடை, கைபிடி உள்ள படி, வயோதிபர்களுக்குக் கீழே ஒன்று தனியாக.

5. நாற்றத்துக்கு பிளீச்சிங் பவுடரையும் டொய்லட் கழுவும் அசிட்டையும் சேர்த்து ஊற்ற வேண்டாம். நச்சு வாயு வரும். எந்தக் காரணத்துக்காகவும் ஆளைக் குழிக்குள் இறக்க வேண்டாம். குழிக்குள் இருக்கும் வாயு ஒரு நிமிடம் கூடத் தராது. காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன சம்பவங்கள் நிறைய.

6. முகாம் முடிந்ததும் பாடசாலைக் குழியைக் காலி செய்து, கழுவி, பிறகு திறவுங்கள். வகுப்பறையைக் கழுவி வெள்ளை அடித்துவிட்டு மலசலகூடத்தை மறந்துவிடுகிறோம். இடைவேளையில் வீட்டுக்குப் போன பெண் பிள்ளை திரும்பி வராவிட்டால், வரவு இடாப்பில் சிவப்புக் கோடு அவளுக்குத்தான் விழுகிறது.

கடைசியாக ஒன்று. கரவனில் போகிறவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும், அந்த 20 லீற்றர் தொட்டியைத் தானே தூக்கிப் போய், அதற்கென்று உள்ள இடத்தில் ஊற்றி, கழுவி, மருந்து விட்டுத் திரும்ப வைப்பார். அதை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. தான் பாவித்ததைத் தான் சுத்தம் செய்கிறார், அவ்வளவுதான். நம்மிடம் அந்த வேலை என்றால் உடனே சபையின் துப்புரவுத் தொழிலாளியைத் தேடுகிறோம். அவர் வந்தால் குடிக்கக் கொடுக்க வேறு கோப்பை தேடுகிறோம். வெள்ளத்தில் அவருடைய வீட்டுக்குள்ளும்தான் தண்ணீர். அவருக்குக் கையுறையும் பூட்ஸும் சரியான கூலியும் கொடுங்கள். முகாமில் இருக்கும் நம்மட வாலிபர்களும் முறை போட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை பெட்டிகளைக் கழுவட்டும். சோறு பகிர்ந்தால் மட்டும்தான் நன்மை என்று யார் சொன்னது?

உங்கள் பாடசாலையில், உங்கள் மஹல்லாவில் பவுசர் ஏற்பாடு இருக்கிறதா? இருந்தால் எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், மற்ற ஊர்களும் எடுத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் இந்தப் பதிவை உங்கள் நிர்வாக வட்ஸ்அப் குழுமத்தில் போட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காலி செய்வது யார்?