தலையில்லாப் பூநாரையும் நம் பிள்ளைகளின் கண்களும்



2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புகைப்பட ஆர்வலர்களிடையே பெரும் சலசலப்பை ஏற்படுத்திய ஒரு படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாகவே எண்ணியிருந்தேன். அண்மைக் காலமாக நம் செலண்டார் வட்டாரத்தில் பிள்ளைகளின் படைப்புகளைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் பேச்சைக் கேட்கும்போது, இனியும் தள்ளிப்போடலாகாது என்று தோன்றியது.

படம் இதுதான். வெண்மணல் கடற்கரை. இளஞ்சிவப்புப் பூநாரை ஒன்று நிற்கிறது. உருண்டையான உடல் இருக்கிறது. குச்சி போன்ற கால்கள் இருக்கின்றன. ஆனால் கழுத்தையும் காணோம், தலையையும் காணோம்! மைல்ஸ் அஸ்ட்ரே என்னும் புகைப்படக் கலைஞர் கரிபியக் கடலிலுள்ள அருபா தீவில் எடுத்த படம் அது. '1839 விருதுகள்' என்ற அனைத்துலகப் போட்டியில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படங்களுக்கென்றே ஒதுக்கிய பிரிவுக்கு அதை அனுப்பினார். (புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839 என்பதை இங்கு நினைவுகூரலாம்.) நடுவர்கள் மூன்றாம் இடம் தந்தார்கள். பொதுமக்கள் வாக்கெடுப்பிலும் அதுவே வென்றது. அதன் பிறகுதான் அவர் உண்மையை வெளியிட்டார். அது இயந்திரம் புனைந்த படமன்று. உயிருள்ள பறவையைப் படக்கருவியால் எடுத்த படம். பறவை தலையைத் தாழ்த்தித் தன் வயிற்றைக் கோதிக்கொண்டிருந்தது, அவ்வளவே!

ஏற்பாட்டாளர்கள் படத்தைத் தகுதி நீக்கம் செய்தனர். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. அந்தப் பிரிவின் விதியை நம்பி உழைத்துப் படம் அனுப்பிய மற்றவர்களுக்கும் நியாயம் வேண்டும் அல்லவா? ஆனால் எனக்கு அதைவிட வியப்பூட்டுவது பார்வையாளர்களின் மனம். பிரிவின் பெயரைப் படித்தவுடனேயே, 'இது இயந்திரத்தின் கற்பனை' என்று முடிவு செய்துவிட்டார்கள். பின்பு படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பறவை கண்ணுக்குத் தெரியவில்லை, தலைப்புதான் தெரிந்தது.

இப்படத்தை ஆசிரியர் அறையில் காட்டினேன். "கணினி வேலை, தலையை வைக்க மறந்துவிட்டது" என்றார் ஒருவர். மற்றவர்களும் சிரித்தபடி ஆமோதித்தனர். பிறகு அதே படத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் நான்காம் ஆண்டு வகுப்பில் காட்டினேன். தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவன் உடனே எழுந்தான். "சார், அது வயித்தச் சொறியுது. எங்க வீட்டுக் கோழியும் இப்படித்தான் செய்யும்" என்றான். பூநாரையை அவன் நேரில் கண்டதில்லை. ஆனால் கோழியைக் கண்டிருக்கிறான். நாள்தோறும், நின்று நிதானமாகக் கண்டிருக்கிறான். போலியையும் மெய்யையும் பிரித்தறிய மென்பொருள் வாங்கலாமா என்று ஆராய்கிறவர்கள் இந்தக் கோழியையும் சற்றுக் கணக்கில் கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 2023இல் போரிஸ் எல்டக்சன் என்ற ஜெர்மானியர், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்தைச் சோனி உலகப் புகைப்பட விருதுக்கு அனுப்பி வென்றார். பிறகு பரிசு வேண்டா என மறுத்தார். அங்கே பொய் மெய்யாகத் தெரிந்தது, இங்கே மெய் பொய்யாகத் தெரிந்தது.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் துபாயின் ஹம்டான் அனைத்துலகப் புகைப்பட விருதுப் போட்டி 'நம்பிக்கை' என்னும் கருப்பொருளில் நடைபெற்றது. வியட்நாமியத் தாய் ஒருவரையும் அவர்தம் பிள்ளைகளையும் படம் பிடித்த மலேசியர் எட்வின் ஓங் வீ கீ 120,000 அமெரிக்க டாலர் பரிசை வென்றார். பார்த்தவர்கள் உருகினார்கள். சில நாள்களிலேயே, பல புகைப்படக்காரர்கள் அந்தத் தாயைச் சூழ்ந்து நிற்கும் மற்றொரு படம் இணையத்தில் பரவியது. உருகியவர்களே, காட்சி ஏற்பாடு செய்யப்பட்டது என்று கொதித்தார்கள். அத்தாயின் முகம் மாறவில்லை. சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது என்பது தெரிந்ததும் பார்வை மாறிவிட்டது. அக்கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் அந்தத் தாயைப் பற்றி அதன்பின் எத்தனை பேர் பேசினார்கள்?

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். ஒரு பிள்ளை நல்ல கட்டுரை ஒன்றை எழுதி வந்தால், சற்று வேறுபட்ட படமொன்றை எடுத்து வந்தால், இன்று நம் வாயில் முதலில் வரும் கேள்வி என்ன? "யார் செய்து கொடுத்தது?" அடுத்தது, "செயற்கை நுண்ணறிவா?" புலனக் குழுக்களில் பெற்றோரே மற்றவர் பிள்ளைகளைப் பற்றி இவ்வாறு பதிவிடுகிறார்கள். சில வேளைகளில் ஐயம் சரியாகவும் இருக்கலாம். ஆயினும், தானே செம்பனைத் தோட்டத்து வரப்பில் மண்டியிட்டு எடுத்த படத்தைப் பிறர் பொய் என்று சொல்லக் கேட்கும் பிள்ளை, அடுத்த முறை மண்டியிடுமா? கரும்பு, பானை, கோலம் என்று எல்லாரும் எடுப்பதையே எடுத்துக்கொண்டு வந்துவிடும். யாரும் ஐயுறமாட்டார்கள். யாரும் உற்றுப் பார்க்கவும் மாட்டார்கள்!

ஐயம் எழுந்தால் கேட்பதற்கு வழி இருக்கிறது. பெரிய போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் படக்கருவி பதிவு செய்த மூலக்கோப்பைக் கேட்பது வழக்கம். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. "வெயில் எந்தப் பக்கம் இருந்தது? நீ எங்கே நின்றாய்? உன் இடப்பக்கம் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். எடுத்த பிள்ளை நிறுத்தாமல் பேசும். எடுக்காத பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். கேட்கும் குரலில் விசாரணை இருக்கலாகாது. கதை கேட்கும் ஆர்வம் இருக்க வேண்டும்.

வரும் பொங்கலையொட்டி என் வகுப்பில் சிறிய படப் போட்டி ஒன்றை நடத்தவிருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு படத்தோடு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் கொண்டு வர வேண்டும். மங்கலானது, தலை வெட்டுப்பட்டது, விரல் மறைத்தது எல்லாமே. ஆகவே பெற்றோர்களே, கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அவற்றை அழித்துவிடாதீர்கள்.