தகரம் கேட்கிறோம், பெயின்ட் கேட்பதில்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஆறுதலாக வாசியுங்கள். விஷயம் துரு. "இதுக்கெல்லாமா சேர் ஒரு பதிவு?" என்று சிரிப்பவர்கள் முதலில் இந்தச் சம்பவத்தைக் கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, எங்கள் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா ஒருவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. 1990க்கு அழைத்தாலும் அம்புலன்ஸ் தோட்டப் பாதையில் ஏறி வர நேரம் எடுக்கும். நம் பக்கத்தில் ராத்திரியில் ஆட்டோதான் அம்புலன்ஸ். ஆட்டோ வைத்திருக்கும் தம்பியை எழுப்பினோம். சேட்டைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். ஆனால் ஆட்டோ நிற்கும் கராஜின் ஷட்டர் வரவில்லை. ஒரு அடி தூக்கியதும் ஒரு பக்கம் இறுகி நின்றுவிட்டது. கீழ்ச்சட்டமும் ஷட்டர் ஓடும் பக்கச் சட்டமும் துருவில் ஒட்டிப்போய்க் கிடந்தன. நான்கு பேர் சேர்ந்து அலவாங்கு போட்டு நெம்பித்தான் திறந்தோம். அதற்கே இருபது நிமிடம் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், பெரியம்மா இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த இருபது நிமிடத்தை எங்களால் மறக்க முடியவில்லை.

"நேத்து வரைக்கும் தொறந்துச்சு சேர்" என்றார் தம்பி. பொய்யில்லை. திறந்ததுதான். ஆனால் விடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது கீழ்ச்சட்டத்தில் விரல் வைத்தால் பிஸ்கட் போல உதிர்ந்தது. அது ஒரு நாளில் வந்த துரு இல்லை. இரண்டு மூன்று வருடமாக அவர் உதைத்துத் திறந்து உதைத்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. அதற்கடுத்த வாரம் நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையின் கேட்டைக் குனிந்து பார்த்தோம். கீழ்ப் பிணைச்சல் அரைவாசி தின்னப்பட்டிருந்தது. இடைவேளைக்குப் பிள்ளைகள் ஏறி ஆடும் கேட் அது. பள்ளிவாசல் கேட், கோயில் வாசல் இரும்புக் கதவு, கடைவீதி ஷட்டர்கள் என்று பார்க்கப் பார்க்க எல்லாம் ஒரே கதை. மேலே பெயின்ட் பளபளக்கிறது. கீழே ஒரு சாண் உயரத்துக்கு இரும்பே இல்லை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஒன்றைப் போடுவதற்கு நம் ஊரில் காசு சேரும். கேட் போட, ஷட்டர் போட, கூரைத் தகரம் போட ஆள் வரும், பட்டியல் வரும், திறப்பு விழாவும் வரும். போட்டதைப் பார்த்துக்கொள்ள ஒரு டின் பெயின்டுக்குக்கூட யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. துரு வெறும் மழையின் குற்றம் இல்லை. பாதி நம்முடைய குற்றம்.

விஞ்ஞான பாடத்தில் சோதனைக்குழாய்களில் ஆணி போட்டுக் காட்டுவோம், ஞாபகம் இருக்கிறதா? சாதாரண நீரில் கிடந்த ஆணி துருப்பிடிக்கும். கொதிக்கவைத்து, மேலே எண்ணெய் ஊற்றி மூடிய நீரில் கிடந்த ஆணி துருப்பிடிக்காது. ஈரத்தை உறிஞ்சிய காற்றில் இருந்த ஆணியும் அப்படியே இருக்கும். நீரும் ஒட்சிசனும் இரண்டும் சேர்ந்தால்தான் துரு. ஒன்றைத் தடுத்தால் போதும். பெயின்டின் முழு வேலையும் அதுதான்.

நம் ஊரில் அந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை ஒரு தகரம் முழுதாகக் காய்வது அரிது. மழை இல்லாத நாளிலும் பின்னேரம் பனிமூட்டம் ஏறி வந்து கதவெல்லாம் வியர்க்கும். துருப்பிடித்த இரும்பு முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை எடுக்கும். ஊதிப் பெருத்து, மேலே இருக்கும் பெயின்டைத் தள்ளிவிடும். அந்த இடைவெளியில் மேலும் ஈரம் போகும். அதனால்தான் ஐந்து ரூபாய்க் குற்றியளவு இருந்த துரு அடுத்த வருடம் கையளவு ஆகிறது.

மலையகத்துக்குத் துரு என்ற சொல்லே ஒரு பாடம். 1869இல் இலங்கையில் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது பூஞ்சணம், இரும்புத் துரு அல்ல. ஆனாலும் இலையின் அடியில் வந்த சின்ன மஞ்சள் புள்ளியை ஆரம்பத்தில் தோட்டத் துரைமார் பெரிதாக எடுக்கவில்லை. இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த மலையெல்லாம் தேயிலையானது. புள்ளியாக இருக்கும்போது பார்க்காததற்கு நம் ஊரிலேயே இருக்கும் உதாரணம் அது.

இப்போது நாம் செய்யும் பிழைகளைச் சொல்கிறோம். எல்லாம் நாங்களும் செய்தவைதான்.

முதலாவது, துருவுக்கு மேலேயே பெயின்ட் அடிப்பது. விழாவுக்கு முதல் நாள் பார்வைக்கு நன்றாக இருக்கும். உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டாவது, பழைய என்ஜின் ஒயிலைப் பூசுவது. கொஞ்ச நாளைக்குத் தடுக்கும், உண்மை. ஆனால் தூசி ஒட்டிச் சேறாகிவிடும், பிறகு அதன் மேல் எந்தப் பெயின்டும் பிடிக்காது. மூன்றாவது, குளோரின் சேர்ந்த வெளுப்பு நீரால் பாசியைக் கழுவிவிட்டு அப்படியே விடுவது. அது இரும்பைத் தின்னும். நான்காவது, உரமூட்டையையும் மருந்தடிக்கும் டாங்கியையும் ஆட்டோ நிற்கும் அதே கொட்டகையில் வைப்பது. உரத்தில் இருப்பது உப்பு வகைகள். மரக்கறித் தோட்டம் செய்பவர்களின் கொட்டகைக் கதவு மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் போவதற்குக் காரணம் அதுதான்.

சரியான வேலை கஷ்டமில்லை. சவர்க்கார நீரால் சேற்றையும் பாசியையும் கழுவி, நல்ல நீர் விட்டு, பழைய துணியால் துடைத்துக் காயவிடுங்கள். துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் சேன்ட் பேப்பராலும் வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அன்றைக்கே அன்டிகொரோசிவ் பிரைமர் அடியுங்கள். ஒரு ராத்திரி பனியில் விட்டாலே தேய்த்த இடம் மறுபடி சிவந்துவிடும். பிரைமர் காய்ந்த பிறகு எனாமல் இரண்டு தரம், மெல்லியதாக. வெயில் ஏறியதும் தொடங்கி, பனிமூட்டம் இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள். ஈரத் தகட்டில் அடித்த பெயின்ட் தோலாக உரியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தேய்க்கும்போது தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கல்வனைஸ் தகடென்றால் விதி வேறு. அதன் மேல் இருக்கும் நாகப் பூச்சு தான் தேய்ந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. கம்பி பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் நாமே காவற்காரனை விரட்டிவிடுவோம். அதற்கென்று விற்கும் பிரைமரை ஹாட்வெயார் கடையில் கேட்டு வாங்குங்கள். அமானோ தகடு என்று நாம் சொல்வதில் அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சு. அதுவும் என்றைக்கும் துருப்பிடிக்காத தகடு இல்லை. பக்கத்தில் கிரைண்டர் பிடித்தால் தெறிக்கும் இரும்புத் தூள் அதில் ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கூட்டிவிடச் சொல்லுங்கள்.

ஷட்டர் ஓடும் பக்கச் சட்டத்தில் கிரீஸ் அப்பாதீர்கள். தூசியைப் பிடித்து வைக்கும். துடைத்துவிட்டு மெழுகுதிரியால் தேய்த்தால் போதும். கீழ்ச்சட்டம் தேங்கிய தண்ணீரில் நிற்காதபடி வாசலில் ஒரு சின்னக் காண் வெட்டிவிடுங்கள். மேலே சுருள் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது முறுக்கேறி நிற்கும், தெறித்தால் ஆளையே அடிக்கும். அதற்குத் தெரிந்த பாஸைக் கூப்பிடுங்கள்.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறோம்.

கேட்டும் ஷட்டரும் கடைக்காரருடையது, பாடசாலையுடையது. லயத்துக் கூரை யாருடையது? 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. அதற்கெல்லாம் முன்பே கட்டிய லயங்களில் நம் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். உறுதி கையில் இல்லை. உறுதி இல்லாத வீட்டுக்கு ஒரு அக்கா எதற்காகத் தன் கொழுந்துக் காசில் பெயின்ட் வாங்க வேண்டும்? குத்தகை எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நிர்வாகம் எதற்காக வாங்கும்? இரண்டு பேரும் தங்களுடையது இல்லை என்று நினைக்கும் இடத்தில்தான் துரு நிம்மதியாகக் குடியிருக்கிறது.

கூரைத் தகரம் ஆணி அடித்த ஓட்டையில்தான் முதலில் துருப்பிடிக்கும். ஓட்டை பெருக்கும். ஜூன், ஜூலைக் காற்றில் தகரம் எழும்பும். அதை அமுக்க மேலே கல்லும் பழைய டயரும் வைப்போம். கல்லுக்கு அடியில் தண்ணீர் தேங்கி அங்கேயும் துருப்பிடிக்கும். உள்ளே விறகடுப்பின் ஆவியும் புகையும் அடிப்பக்கத்தைத் தின்னும். பிறகு ஒரு ராத்திரி தகரம் பறந்து போகும். பிள்ளை நனைந்த புத்தகத்தோடு பாடசாலைக்கு வரும். அந்தப் புத்தகத்தை வகுப்பில் வெயிலில் விரித்துக் காயவைப்பவர்கள் நாங்கள்தான்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? தகரம் கேட்கிறோம். சில வேளை தகரமும் வரும். வந்த தகரம், கொடுக்கும் விழாவுக்கு நாள் பார்க்கும்வரை, மழையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். ஈரத்தோடு அடுக்கிய கல்வனைஸ் தகட்டில் வெள்ளைப் பொடி போலப் பூத்துவிடும். அது நாகத்தின் துரு. வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதன் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது.

எனவே கேட்கும்போது முழுதாகக் கேட்போம். தகரத்தோடு இறப்பர் வாசர் போட்ட ஆணியும், பிரைமரும், பெயின்டும், அதை அடிக்க ஒரு நாள் சம்பளத்தோடு வேலையும் சேர்த்துக் கேட்போம். தகரத்தை நனையாமல், கட்டைக்கு மேல் சரித்து அடுக்கி வைக்கச் சொல்வோம். வீட்டுக்கு உறுதி கேட்கும் கோரிக்கையை இதற்காக ஒரு படி கூடக் குறைக்க வேண்டாம். சொந்தம் என்று ஆனால்தான் பெயின்ட் அடிக்கக் கை வரும் என்பதற்கு இந்தக் கூரைகளே சாட்சி.

"முதலில் உரிமை வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் உரிமை வரும்வரை மழை காத்திருக்காது. கம்பனி செய்ய வேண்டியதைக் கம்பனியிடம் கேட்போம். நம் கைக்கு எட்டியதை நாம் செய்வோம். பாடசாலைக் கேட்டுக்கும் பள்ளிவாசல் கேட்டுக்கும் கோயில் கதவுக்கும் எந்தக் கம்பனியும் தடையாக இல்லையே.

பரிஸ் நகரத்து ஈபிள் கோபுரத்தைப் பிள்ளைகளுக்குப் படத்தில் காட்டுவோம். 1889இல் திறந்தது, முழுக்க இரும்பு. அது இன்னும் நிற்பதற்குக் காரணம் ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் பெயின்ட் அடிப்பதுதான். ஒவ்வொரு தடவையும் சுமார் 60 தொன் பெயின்ட். அவர்கள் புதுக் கோபுரம் கேட்கவில்லை.

நம்மிடம் பழக்கமும் இருக்கிறது. பொங்கலுக்கு லயத்தில் வெள்ளையடிக்கிறோம். பெருநாளைக்கு வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம். ஆயுத பூசைக்கு ஃபெக்டரி மெஷினையும் லொறியையும் ஆட்டோவையும் கழுவித் துடைத்து மாலை போடுகிறோம். அந்த ஆட்டோ நிற்கும் கதவை மட்டும் ஏன் மறந்துவிட்டோம்?

எங்கள் யோசனை இவ்வளவுதான். பொங்கல் முடிந்து மழை விட்டதும் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்போம். நோன்பு அதற்கருகில் வந்தால் முந்தியே வைத்துக்கொள்வோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் கமிட்டி, ஆட்டோச் சங்கம் நான்கும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும். ஒவ்வொன்றும் தன் வருடக் கணக்கில் 'பராமரிப்பு' என்று ஒரு வரி எழுதட்டும், சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. பிரஷ் பிடிக்க எங்கள் உயர்தரப் பிள்ளைகள் வருவார்கள். கடைவீதி நானா ஒருவர் பிரைமரை வாங்கிய விலைக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பாடசாலைக் கேட்டின் கீழ்ப் பிணைச்சலை நாங்கள் ஆசிரியர்கள் காசு போட்டு மாற்றிவிட்டோம். ஆட்டோத் தம்பியின் ஷட்டருக்கும் புதுக் கீழ்ச்சட்டம் போட்டு, அவரோடு சேர்ந்து நாங்களே பெயின்ட் அடித்தோம். இப்போது ஒற்றைக் கையால் திறக்கிறார்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் கதவின் கீழ்ப்பக்கத்தை ஒரு தடவை குனிந்து பாருங்கள். விரல் வைத்தால் உதிர்கிறதென்றால் அடுத்த மழை வரை விட வேண்டாம்.