ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு இல்லங்கள்

பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் திருநாமத்தையும் தாங்கள் வகிக்கும் பதவியையும் இம்மடலின் தலையில் எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதினால் மறுப்பு அறிக்கை தயாரிக்கும் சிரமம் தங்களுக்கு ஏற்படும். அந்தச் சிரமத்தினிடையே விஷயம் மறுபடியும் காகிதக் கட்டுக்குள் போய்ப் புதைந்துவிடும். தங்கள் மேஜைக்குத் தனியே வந்து சேர்ந்த மனுக்களில் ஒன்றுக்கேனும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மேல் ஒரு வரி பதில் கிடைக்கவில்லையாதலால், இனி ஊரார் படிக்கும்படியாகவே எழுதுவது என்று துணிந்தேன். அம்மனுக்களின் வாசகம் என்னுடையது. கையெழுத்து மட்டும் இரண்டு பெண்களுடையது.

சட்டப் பிரிவுகளை எடுத்தோதித் தங்கள் பொழுதை வீணாக்க மாட்டேன். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் தங்கள் அலமாரியில் தடித்த அட்டையோடு வீற்றிருப்பதை நானே தரிசித்திருக்கிறேன். வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றி அதன் 44-ஆம் பிரிவு என்ன சொல்லுகிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆகவே நடந்ததை மட்டும் சொல்லுகிறேன்.

கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடைப்பட்ட கடலோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த பெண்ணொருத்தி, கணவனைப் பறிகொடுத்த பின்னர், விடியுமுன் எழுந்து ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து சிதம்பரத்துத் தெருக்களில் கூவி விற்று, பதினொரு வயதுப் பெண்ணையும் ஏழு வயதுப் பையனையும் எவரிடமும் கையேந்தாமல் காப்பாற்றி வந்தாள். அவளுக்குக் காசநோய் கண்டது. அதிலும் வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும் என்று தெரிந்தபோது, தன் மூச்சுக் காற்றே பிள்ளைகளுக்கு விஷமாகிவிடுமோ என்று அஞ்சிய அந்தத் தாய், தேரோடும் வீதியில் பூக்கட்டி விற்கும் தன் சிநேகிதியிடம், “நான் எழுந்து வர்ற வரைக்கும் பாத்துக்கக்கா” என்று இருவரையும் ஒப்படைத்துவிட்டுப் போனாள். பூக்காரம்மாள் கைம்பெண், வேறு ஜாதி, தன் வீட்டு அடுப்பில் அதுவரை மீன் ஏற்றி அறியாதவள். பையனுக்கு மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது என்று கண்டதும், ஒரு மண்சட்டி வாங்கி வந்து வாசற்புறத்தில் செங்கல் கூட்டிச் சமைக்கக் கற்றுக்கொண்டாள். குழந்தைகள் அவளைப் பெரியம்மா என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஒரு நாளும் அவர்கள் பெயருக்கு எதிரே விடுப்பு விழவில்லை.

இந்த ஏற்பாட்டை எந்த இலாகாவும் செய்யவில்லை. எந்த இலாகாவும் கெடுக்கவுமில்லை, வைகாசி மாதம் வரையில்.

பூ விற்ற காசில் மூன்று வயிறு நிறைவது கஷ்டம் என்பதை அறிந்த ஆசிரியை ஒருவர், வளர்ப்புப் பராமரிப்பு என்ற திட்டம் ஒன்று உண்டு, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின்படி பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4000 ரூபாய் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லி, நல்லெண்ணத்தோடு குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவலும் கொடுத்தார். விசாரணைக்கு வந்தவர் வாசற்படி ஏறியதும் கேட்ட முதற் கேள்வி, “நீங்க என்ன ஆளுங்க, அவங்க என்ன ஆளுங்க?” என்பது. அறை ஒன்றுதான் என்றும், கூரை ஓலை என்றும், ஆண் துணையில்லாத வீடு என்றும், பிள்ளைகளுக்கும் இவளுக்கும் இரத்த சம்பந்தமில்லை என்றும் குறித்துக்கொண்டு போனார். மறுவாரம் ஜீப் வந்தது. தற்காலிகமாக என்று சொல்லி இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சோறு போட உதவி கேட்டவளிடமிருந்து இலையை எடுத்துக்கொண்டு போன கதையாயிற்று.

இரத்த சம்பந்தமில்லை என்பது ஆட்சேபமாம்! வளர்ப்புப் பராமரிப்பு என்று சட்டம் வகுத்திருப்பதே பெற்ற குடும்பமல்லாத வேறொரு குடும்பத்தில் குழந்தையை வைத்து வளர்ப்பதைத்தானே? தனித்து வாழும் பெண்ணும் பிள்ளை வளர்க்கலாம் என்று 2024-இல் திருத்திய வழிகாட்டு நெறிகள் கதவைத் திறந்துவிடவில்லையா? உங்களுக்கு இவை தெரியாதவை அல்ல. தெரிந்தும் அந்தக் குறிப்பின் அடியில் உங்கள் பச்சை மைக் கையொப்பம் விழுந்திருக்கிறது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பெண்ணை ஓர் ஊரிலுள்ள இல்லத்திலும் பையனை வேறோர் ஊரிலுள்ள இல்லத்திலும் வைத்தீர்கள். பெண் பிள்ளைகளின் இல்லம் வேறு, ஆண் பிள்ளைகளின் இல்லம் வேறு என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களைக் கூடியமட்டும் பிரிக்கலாகாது என்று சட்டத்தில் இருப்பது அப்போது எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, “நடைமுறை அப்படி” என்றார் உங்கள் அலுவலகத்து ஊழியர். மாதத்துக்கு ஒரு முறை, குறித்த ஞாயிற்றுக்கிழமையில், வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கலாம். பூக்காரம்மாள் ஓர் இல்லத்துக்குப் போய்விட்டு மற்றோர் இல்லத்துக்கு ஓடினால், பல சமயங்களில் பார்க்கும் நேரம் முடிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் குழந்தை அவளிடம் விசாரிப்பது தன்னைப் பற்றியல்ல. “தம்பிக்கு எந்தப் பல்லு விழுந்திருக்கு பெரியம்மா? விழுந்ததைக் கூரையிலே போட்டானா?” என்று கேட்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துக் கொண்டிருப்பதைப் பூக்காரம்மாள் தன் வாயில் விரல் வைத்துக் காட்டுகிறாள். உடன்பிறந்தவன் வளர்வதை இன்னொருத்தியின் வாயில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையை ஒரு சிறுமிக்கு உண்டாக்கியதற்கு உங்கள் கோப்பில் பெயர் ‘பராமரிப்பும் பாதுகாப்பும்’.

இடையில் இன்னொரு காரியமும் நடந்தது. எழுதவே கை கூசுகிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த தாயிடம் ஒருவர் காகிதத்தோடு போய், “உன்னால் இனிமேல் வளர்க்க முடியாது, ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நல்ல இடத்தில் தத்துப் போவார்கள்” என்று சொல்லியிருக்கிறார். நோயில் விழுந்த தாய், எழுந்திருக்கும் வரையில் தன் பிள்ளைகளை ஒருத்தி வைத்திருக்கட்டும் என்றுதான் கேட்டாள். பிள்ளை வேண்டாம் என்றா கேட்டாள்? தத்து என்பது ஒரு குடும்பம் முடிந்து வேறொரு குடும்பம் தொடங்குவது. இதுவோ ஒரு குடும்பம் குணமாகித் திரும்பும் வரை இன்னொரு குடும்பம் தோள் கொடுப்பது. இரண்டையும் குழப்பியவர் அறியாமையால் குழப்பினார் என்று நம்ப எனக்கு ஆசைதான்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. மருந்தை ஒரு வேளையும் தவறவிடாமல் உட்கொண்டு, நோய் நீங்கிற்று என்ற சான்றிதழோடு வெளியே வந்து, நேரே பையன் இருந்த இல்லத்துக்குப் போனாள். அன்று யாரோ ஒரு புண்ணியவான் தம் மகளின் பிறந்த நாளுக்காகப் பிரியாணியும் கேக்கும் கொண்டு வந்திருந்தாராம். பிள்ளைகள் வரிசையில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாய் உள்ளே நுழைந்தாள். பையன் அவளைப் பார்த்தான். வரிசையை விட்டு ஓடி வரவில்லை, அழவில்லை, புதிதாக வந்த இன்னொரு தர்மப் பிரபுவுக்குச் செய்வது போல் அவளுக்கும் கைகூப்பினான். மெலிந்து கறுத்துப் போயிருந்த அவளை அவன் அடையாளம் கண்டானோ இல்லையோ என்பது அவளுக்கே இன்றுவரை நிச்சயமில்லை.

பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டாள். இப்போது தாய்க்கே தகுதி விசாரணை! வருமானம் என்ன, வீடு யாருடையது, நோய் மறுபடியும் வராது என்பதற்கு உத்தரவாதம் என்ன? அந்த விசாரணையும் பரிசீலனையில். பூக்காரம்மாளின் விண்ணப்பமும் பரிசீலனையில். பெற்றவளும் தகுதியற்றவள், வளர்த்தவளும் தகுதியற்றவள் என்றால், ஐயா, தகுதியுடையது எது? சுண்ணாம்பு அடித்த சுவரா? சரவணப் பொய்கையில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவரும் நல்ல காலமாக உமது அலுவலகம் திறப்பதற்கு முன்னால் பிறந்துவிட்டார்கள். இல்லாவிட்டால் அறுவரும் தனித்தனியே வருமானச் சான்று கொண்டு வரவும், எவர் பெயரில் வங்கிக் கணக்கு என்பதைத் தெளிவுபடுத்தவும் கேட்டு ஓலை போயிருக்கும். முருகனோ இன்றளவும் ஏதேனும் ஓர் இல்லத்து வரிசையில் நின்றுகொண்டிருப்பான்.

“வெளி வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் யார் பொறுப்பு?” என்பது உமது கடைசி அரண். நியாயமான அச்சம்தான், அது கற்பனையும் அல்ல. 1945 ஜனவரியில் இங்கிலாந்தில் டென்னிஸ் ஓநீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஷ்ராப்ஷயர் பண்ணை வீடொன்றில் வளர்ப்புத் தந்தையின் கொடுமையால் மாண்டான். போய்ப் பார்க்க வேண்டிய உத்தியோகஸ்தர்கள் வேளையில் போய்ப் பார்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அந்த தேசத்தார் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் பிள்ளைகளையெல்லாம் கட்டடங்களுக்குள் அடைப்பது அன்று. அங்கே பிள்ளைப் பராமரிப்பை ஆராய்ந்த கர்ட்டிஸ் கமிட்டி 1946-இல் அறிக்கை கொடுத்தது. தத்துக்கு வழியில்லாத பிள்ளைக்குப் பெரிய விடுதியைவிட நல்ல குடும்பமே மேல் என்று அது துணிந்து சொல்லிற்று. 1948-இல் வந்த சட்டமோ வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதைத் தம் பொறுப்பாகக் கொண்ட குழந்தை அதிகாரிகளை நியமித்தது. நடந்தால் யார் பொறுப்பு என்று அங்கே கேட்டார்கள்; நீர்தான் பொறுப்பு என்று பதில் வந்தது. உமக்குச் சம்பளம் தருவது அதற்காகவே.

கட்டடத்துக்குள் மட்டும் ஒன்றும் நடப்பதில்லையோ? மாமல்லபுரத்து இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்பட்டதைப் பற்றி 2007-இல் கிளம்பிய வழக்கு, தமிழ்நாட்டின் பெயரையே தலைப்பில் தாங்கி உச்ச நீதிமன்றத்தில் பத்து வருஷம் நடந்து, 2017 மே 5-இல் தீர்ப்பானது. இல்லம் ஒன்றே கதியல்ல, குடும்பத்தில் வைத்து வளர்க்கும் வழிகளைப் பெருக்குங்கள் என்றுதான் அத்தீர்ப்பும் சொல்லிற்று. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், இல்லங்களில் கிடந்த 136 இளங் குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி வருஷக் கணக்கில் கவனித்தார்கள். குடும்பம் சேர்ந்தவை அறிவிலும் அன்பு பாராட்டுவதிலும் முன்னேறின. இரண்டு வயதுக்கு முன்னே சேர்ந்தவை அதிகமாக முன்னேறின. சட்டியில் மீன் குழம்பு வைக்கப் பழகிக்கொண்ட ஒருத்திக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. உமக்குத் தேவைப்படலாம் என்று எழுதினேன்.

ஆதரவற்ற பிள்ளைகளைக் காப்பது இந்த ஜில்லாவுக்குப் புதியதா? 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி 600-க்கு மேற்பட்ட உயிர்களை இங்கே வாரிக்கொண்டு போயிற்றே, தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் எம்.ஜி.ஆர். திட்டிலும் தாய் தகப்பனை இழந்து நின்ற பிள்ளைகளைக் கண்டவர்கள் தூக்கிப் போகாதபடி அரசாங்கம் காவல் நின்றது. இல்லமும் திறந்தது, சித்தப்பன், அத்தை, பாட்டி என்று கையை நீட்டியவர்களிடம் விட்டும் வைத்தது. கூரை ஓலையா ஓடா என்று அன்று பார்த்திருந்தால், கூரையென்று ஒன்று மிஞ்சியிருந்த வீடு எத்தனை? பெண் சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011-இல் இந்தக் கடலூர் ஜில்லாவுக்கும் கொண்டு வந்தார்கள். கொரோனாவில் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மாதம் 3000 ரூபாய் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் என்று மாதம் 2000 ரூபாய்த் திட்டம் ஒன்றும் வந்தது. அரசாங்கத்துக்குக் கை நீளமாகத்தான் இருக்கிறது. உமது மேஜையருகே வரும்போது மட்டும் அது மடங்கிக்கொள்ளுகிறது. காவலாளுக்கும் சமையலாளுக்கும் மின்சாரத்துக்கும் மதில் சுவருக்கும் மாதந்தோறும் செலவழிக்கக் கணக்கு இருக்கிறது. அதே பிள்ளைகள் சொந்தத் தெருவில் வளர 4000 ரூபாய்க்குக் கணக்கு இல்லை. ஏழ்மை ஒரு குற்றமானால், அதற்குத் தண்டனையாகப் பிள்ளைகளைப் பறிமுதல் செய்யும் சட்டம் எது என்று ஒரு நாளாவது எழுத்து மூலமாகத் தெரிவியும்.

பூக்காரம்மாள் தன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளுகிறாள். பணம் கேட்டதனால்தானே இத்தனையும் வந்தது என்று அவள் இரவும் பகலும் தன்னையே நொந்துகொண்டிருக்கிறாள். அது அவள் குற்றமல்ல என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே அந்த நாலாயிரத்தை நீரே வைத்துக்கொள்ளும். வேண்டுமானால் ஒப்படைப்புப் பத்திரம் போல அதற்கும் ஒரு பத்திரம் எழுதி அனுப்பும், கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

தாய் குப்பத்தைக் காலி செய்துவிட்டுப் பூக்காரம்மாளின் சந்திலேயே ஒரு பகுதியை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். கூடை சுமக்கத் தெம்பு வரும்வரை அவளும் உட்கார்ந்து பூக் கட்டுகிறாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக இங்கே கொண்டுவந்து விடும். யார் வீட்டில் சாப்பாடு, யார் வீட்டில் படுக்கை என்பதை அந்தப் பெண்கள் இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு உமது விசாரணை அறிக்கை அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இங்ஙனம்,
மனு எழுதி அலுத்த சிதம்பரவாசி ஒருவன்