நாற்பதைத் தாண்டிய கண்களும் கான்டாக்ட் லென்சும்

 

மஃரிபு தொழுதுவிட்டுக் குர்ஆனை விரிக்கிறீர்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. சற்றுத் தள்ளிப் பிடித்தால் தெளிவாகின்றன. ஊசியில் நூல் கோக்க மகளை அழைக்கிறீர்கள். வயது நாற்பதைக் கடந்துவிட்டதென்றால், நம் பெரியவர்கள் சாளேசரம் என்றும் வெள்ளெழுத்து என்றும் சொல்லிவந்த மாற்றம் இதுவாகவே இருக்கும்.

கண்ணுக்குள் இறைவன் அமைத்த வில்லை இளமையில் நெகிழ்ச்சி மிக்கது. அருகிலுள்ளதைப் பார்க்கும்போது அது தானாகவே தடித்துக் குவிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகிவிடுகிறது; அறுபதை நெருங்கும்போது அவ்வாற்றல் பெரும்பாலும் நின்றுவிடும். ஆதலால் படிக்கும் கண்ணாடியின் பவர் +1 அளவில் தொடங்கி, +2.5 அளவுவரை உயர்வது இயல்பே. கண்ணாடி அணிவதால்தான் பவர் கூடுகிறது என்று எண்ணுவது தவறு.

கண்ணாடியை விரும்பாதோர் கான்டாக்ட் லென்சை நாடுகின்றனர். இதில் இரு வழிகள் உண்டு. ஒரே லென்சில் தொலைவுக்கும் அருகுக்கும் உரிய பவர்கள் சேர்ந்திருப்பது ‘மல்டிஃபோகல்’ லென்ஸ். ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மறு கண்ணை அருகுக்கும் பொருத்துவது ‘மோனோவிஷன்’ முறை. இரண்டுக்கும் மூளை பழகச் சில வாரங்கள் ஆகலாம். மங்கிய வெளிச்சத்தில் மல்டிஃபோகல் லென்ஸ் சற்றுத் தெளிவு குறையும். இரவில் வாகனம் ஓட்டுவோர் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

‘லென்ஸ் அணிந்தால் ஒளூ கூடுமா?’ என்பது நம் இல்லங்களில் எழும் கேள்வி. ஒளூவில் கழுவ வேண்டியது முகத்தின் வெளிப்புறமே. கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையன்று. கடமையான குளிப்பிலும் அவ்வாறே. ஆகவே லென்ஸ் ஒளூவுக்குத் தடையாகாது. கண்ணில் மருந்து விடுவதாலும் லென்ஸ் அணிவதாலும் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் நிலை.

மார்க்கத்தில் தடையில்லை, ஆனால் தண்ணீரில் ஆபத்து உண்டு. நாம் கவனிக்கத் தவறுவது இதைத்தான். குழாய், கிணறு, தொட்டி, பள்ளிவாசல் ஹவுள் என எந்த நீரிலும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். அது லென்சில் ஒட்டிக்கொண்டால் கருவிழியைத் தாக்கும். கடும் வலியையும் நெடிய சிகிச்சையையும் தரும் அந்நோய் பார்வையையே பறித்துவிடவும் கூடும். நாளொன்றுக்கு ஐந்து வேளை முகத்தில் நீரை வாரி இறைக்கும் நமக்கு இவ்வெச்சரிக்கை மற்றவரினும் அதிகம் தேவை.

ஆகவே முகம் கழுவும்போது இமைகளை இறுக மூடிக்கொள்ளுங்கள். துண்டால் இமைகளை ஒற்றியெடுத்த பின்னரே கண்களைத் திறவுங்கள். ஈரக்கையால் லென்சைத் தொடாதீர்கள். சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடைத்துக் காயவிட்டபின் தொடுங்கள். லென்சையும் அதன் டப்பாவையும் தண்ணீரால் கழுவலாகாது. உமிழ்நீரால் நனைப்பதும் கூடாது. பழைய கரைசலின்மேல் புதியதை ஊற்றாதீர்கள். டப்பாவை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் மாற்றுங்கள். அன்றன்றே எறிந்துவிடும் லென்ஸ் கிடைக்குமானால் அதுவே மேல். குளிக்கும்போதும் உறங்கும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கலாகாது. சுர்மா இடும் வழக்கமுள்ளோர் லென்ஸ் அணியும் நாளில் அதைத் தவிர்க்கட்டும்.

நாற்பதுக்கு மேல், சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கண்ணீர் சுரப்பு குறைவதுண்டு, லென்ஸ் உறுத்தும். நீரிழிவுள்ளோர் மருத்துவர் அனுமதியின்றி அணியலாகாது. கடையில் கேட்டு வாங்குவதோடு நின்றுவிடாமல், கண் மருத்துவரிடம் முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். வலியின்றிப் பார்வையைத் திருடும் கண் அழுத்த நோய் இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். லென்ஸ் அணிந்தபின் கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சத்தில் கூசினால், உடனே லென்சைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

லென்ஸ் அணிவோரும் ஒரு கண்ணாடியைக் கைவசம் வைத்திருப்பது நன்று. இஷாவுக்குப் பின் லென்சைக் கழற்றி, கண்ணுக்கு ஓய்வளித்து, கண்ணாடியோடு ஓதலாமே! நரைக்கு வெட்கப்படாத நாம் வெள்ளெழுத்துக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? கண் நம் உடைமையன்று, அமானிதம். வல்ல அல்லாஹ் நம் பார்வையை இறுதிவரை காத்தருள்வானாக! ஆமீன்.