லாரியில போற மரத்தைப் பார்த்து எங்களைத் திட்டாதீங்க



சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஏதாவது ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி திணறிக்கிட்டு இறங்கும். எதிரே காரில் வருபவர்கள் கண்ணாடியை இறக்கி செல்போனில் படம் எடுப்பார்கள். ராத்திரிக்குள் "ஏற்காட்டை மொட்டை அடிக்கிறார்கள்" என்று அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகனே எனக்கு அனுப்புறான். "என்ன சித்தப்பா, உங்க ஊர்ல இப்படிப் பண்றாங்க?"

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடுறேன். அந்த லாரியில் போனது சில்வர் ஓக். அது காட்டு மரம் இல்லை, எங்க பயிர். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்து மரம் அது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கு நிழல் வேண்டும் என்று பின்னாடி தோட்டக்காரர்கள் நட்ட மரம்தான் இது. நேராக வளரும், மிளகுக் கொடியைத் தாங்கும், 20, 25 வருஷத்தில் பிளைவுட்டுக்கு விலை போகும். எனக்கு இருப்பது இரண்டரை ஏக்கர். பொண்ணு கல்யாணம், மோட்டார் ரிப்பேர், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அந்த மரம்தான் என் பேங்க். அதை வெட்டுவதற்கும் 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி கமிட்டியிடம் அனுமதி வாங்கணும். கரும்பு வெட்ட கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிற விவசாயி யாராவது உண்டா? நாங்க நடக்கிறோம். அந்தப் படத்தை நீங்க பார்வேர்டு பண்ணும்போது கை வைத்திருக்கிற மேஜை எந்த மரம்னு ஒரு தடவை தட்டிப் பாருங்க.

அப்ப ஏற்காட்டில் மரமே அழியலையான்னு கேட்டா, அழியுதுங்க. நீங்க படம் எடுக்காத மரம் அழியுது. ஈட்டி, வேங்கை, சந்தன வேம்பு, நாவல், காட்டுப் பலா, ரெண்டு பேர் கைகோர்த்தாலும் அடங்காத அத்தி. நான் சின்னப் பையனா இருந்தப்ப காப்பிக்கு மேலே நின்றதெல்லாம் இதுதான். இன்றைக்கு பல தோட்டத்தில் பத்து வரிசைக்கு ஒன்று தேடணும்.

இதற்கெல்லாம் மெஷின் வாள்தான் காரணம் என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு அந்த மெஷின் மேல் கொஞ்சம் பைத்தியம் உண்டு, அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன். என் கொட்டகையில் நாலு பழைய மெஷின் வாள் தொங்குது, எல்லாம் எடைக்குப் போட்டதை மீட்டு வந்தது. ஒன்று ஸ்டில் கம்பெனி, மற்றதில் பேரே அழிஞ்சுபோச்சு. ரெண்டு இன்னும் ஸ்டார்ட் ஆகும். பக்கத்திலேயே என் தாத்தா காலத்து இழுப்பு ரம்பமும் இருக்கு, ஆளுக்கு ஒரு முனையில் கைப்பிடி.

செயின் வாள் முதலில் மரத்துக்காக வந்ததே இல்லை. 1780களில் ஸ்காட்லாந்தில் ரெண்டு டாக்டர்கள் எலும்பு அறுக்கச் செய்தது. மரத்துக்கு வந்தது ரொம்பப் பின்னாடி. 1929ல் ஜெர்மனியில் ஸ்டில் கொண்டுவந்த பெட்ரோல் மெஷின் 46 கிலோ, ரெண்டு ஆள் தூக்கணும். 1959ல் அதே கம்பெனி விட்ட கான்ட்ரா என்ற மெஷின் 12 கிலோதான், ஒரே ஆள் போதும். இடையில் அமெரிக்காவில் ஓரிகன் பக்கம் ஜோசப் காக்ஸ் என்ற மரம் அறுக்கிறவர் 1946ல் ஒரு அடிமரத்தைத் தின்னுகிட்டிருந்த வண்டுப் புழுவைப் பார்த்தார். அது தாடையை இடமும் வலமும் மாற்றி மாற்றி மரத்தைச் சீவுது. அதே மாதிரி சங்கிலிப் பல்லைச் செய்தார். இன்றைக்கும் உலகம் பூரா ஓடுவது கிட்டத்தட்ட அந்தப் பல்தான்.

இழுப்பு ரம்பக் காலத்தில் பெரிய மரம் விழ ரெண்டு நாள் ஆகும். முதலில் ஒருத்தர் ஏறிக் கிளை கழிப்பார், வடம் கட்டுவார்கள், சாயவேண்டிய பக்கம் கோடாலியில் வாய் வெட்டுவார்கள், அப்புறம் எதிர்ப்பக்கம் ரம்பம். நடுவில் ரெண்டு விரல் கட்டை விட்டுத்தான் அறுக்கணும், அதுதான் மரம் திரும்பாமல் பிடிக்கும். மெஷின் வந்தபிறகும் வாய் வெட்டு, கட்டை, வடம் எல்லாம் அதேதான். தப்பினால் ஆள் போயிடுவான், அதுவும் அதேதான். அறுக்கும் நேரம் மட்டும் ரெண்டு நாளிலிருந்து அரை மணிக்கு வந்துவிட்டது. ரெண்டு நாள் கூலி கொடுக்கணும் என்ற பயத்திலேயே தப்பிப் பிழைத்த மரங்கள் உண்டு, அந்த வேலியை மெஷின் பிடுங்கிப் போட்டுவிட்டது. இதை நான் மறுக்கலை. ஆனா மெஷின் தானா ஸ்டார்ட் ஆகாது. கயிற்றை இழுக்கச் சொல்றது யாருன்னு பாருங்க.

முதலில் சட்டத்தைச் சொல்றேன். ஈட்டி மரத்தைக் காப்பாற்ற 1995ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பட்டா நிலத்தில் நின்றாலும் வெட்டக்கூடாது, 15 வருஷத்துக்கு. 2010ல் மறுபடி 15 வருஷம் நீட்டித்தார்கள், அந்தக் கெடு 2025 பிப்ரவரி வரை இருந்தது. எழுதினவங்க நல்ல மனசோடுதான் எழுதியிருப்பாங்க. நின்ற பெரிய மரம் கொஞ்சம் பிழைத்தது, அதுவும் உண்மை. ஆனா புதுசா ஒரு ஈட்டிக் கன்று வேலி ஓரம் தானா முளைச்சா சின்ன விவசாயி என்ன பண்ணினான்? விரல் தடிமன் இருக்கும்போதே பிடுங்கினான். பெருசானா அது அவன் மரமா இல்லாம, அவன் நிலத்தில் நின்ற சர்க்கார் மரமா ஆச்சு. காய்ந்து கூரை மேல் சாய்ந்தாலும் பேப்பர் தூக்கிக்கிட்டு அலையவேண்டி இருந்தது. அந்த இடத்தில் ஒரு சில்வர் ஓக் வைத்தால் பேரன் படிப்புக்கு ஆகும். இப்படிப் பிடுங்குவதை நான் எத்தனையோ தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். இதுக்கு மெஷினும் வேண்டாம், லாரியும் வேண்டாம், ரெண்டு விரல் போதும். நீங்க எங்கே படம் எடுப்பீங்க?

அடுத்தது நீங்க. கோபப்படாதீங்க. வாரக்கடைசிக்கு ஒரு வீடு வேணும்னு அஞ்சு சென்ட், பத்து சென்ட் வாங்குறீங்க. வாங்கும்போது மரம் பிடிக்குது, கட்டும்போது "வியூ" பிடிக்குது. சிட்-அவுட்டில் உட்கார்ந்தா சேலத்து விளக்கு தெரியணும். நடுவில் நிற்கிற நாவல் மரத்துக்கு 80 வயசா, 100 வயசான்னு யார் கேட்டா? அது லாரியில் கூட இறங்காது, அங்கேயே துண்டு போட்டு அடுப்புக்குப் போயிடும். அப்புறம் அந்த வீட்டு ஹாலுக்கு காரைக்குடியில் போய் பழைய தேக்குத் தூண் வாங்கி வந்து நிறுத்துறாங்க. செட்டிநாட்டு வீட்டுத் தேக்கு பர்மாவில் வெட்டினது. அதுவும் ஒரு காட்டில் நின்ற மரம்தானே, தூரத்தில் வெட்டினா பாரம்பரியம் ஆயிடுமா? போன சீசனில் வந்த ஒருத்தர் என் இழுப்பு ரம்பத்துக்கே விலை கேட்டார், ரிசார்ட் சுவரில் மாட்டினா அழகா இருக்குமாம். கொடுக்கலை.

எங்க ஆட்களையும் விட்டுவைக்க முடியாது. நாட்டு மரத்தை எல்லாம் எடுத்துட்டு வரிசையா சில்வர் ஓக் மட்டும் நட்டது நாங்கதான், பெரிய தோட்டமும் சின்னத் தோட்டமும். அதை ஒரே வருஷத்தில் மொத்தமா இறக்கினா காப்பிச் செடி மேல் நேர் வெயில் விழும். வெயில் பட்ட தண்டைத் தேடி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைக்கும், புழு உள்ளே குடையும். அராபிகா செடிக்கு அதைவிட எமன் கிடையாது, பிடுங்கி எரிக்கிறதைத் தவிர வழி இல்லை. காக்ஸுக்குச் சங்கிலிப் பல் செய்யச் சொல்லிக்கொடுத்த புழுவும் இந்தப் புழுவும் ஒரே வண்டுக் குடும்பம்தான், நீள மீசை வண்டு. அங்கே அது மெஷினைக் கொடுத்துச்சு, அந்த மெஷினை வச்சு நாங்க நிழலை எடுத்தோம், இங்கே அதன் பங்காளி வந்து காப்பியைத் தின்னுது.

2014ல் மத்திய அரசு ஒரு வேளாண் காடு கொள்கை கொண்டுவந்தது. விவசாயி நட்ட மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் உள்ள விதிகளை எளிதாக்கணும்னு அதில் இருக்கு. நாட்டு மரத்தைப் பொறுத்தவரை அது எங்க மலைக்கு இன்னும் ஏறி வரலை. நான் கேட்பது பெரிசா ஒண்ணும் இல்லை. ஒரு ஈட்டியோ வேங்கையோ நட்டா, அதை வி.ஏ.ஓ. என் பேரில் பதிவு பண்ணணும். இன்னார் நட்டது, இன்னாருக்குச் சொந்தம், அவன் பேரன் வெட்டிக்கலாம் என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டு இருந்தா விரல் தடிமன் கன்றை எவனும் பிடுங்க மாட்டான். ஏற்கெனவே நிற்கிற பெரிய மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவனுக்கு வருஷத்துக்கு ஏதாவது கொடுங்க. நூறு வருஷ மரத்தை ஊருக்காக ஒருத்தன் தன் நிலத்தில் சும்மா நிறுத்தணும்னா செலவை அவன் ஒருத்தன் தலையில் கட்டக்கூடாது.

இதுக்காக ஒரு பெட்டிஷன் போடுங்க, ஒரு எம்.எல்.ஏ.வைக் கேளுங்க. லாரிப் படத்துக்குச் செலவழிக்கிற நேரம் போதும். இங்கே மனை பார்க்க வர்றவங்க பத்திரம் போடுறதுக்கு முன்னாடி புரோக்கரை விட்டுட்டுத் தனியா ஒரு சுற்று நடந்து பாருங்க. அடிக்கட்டை எத்தனைன்னு எண்ணுங்க. மண்ணைத் தள்ளி மூடியிருப்பாங்க, காலால் தட்டினா தெரியும்.